வீடு மாறுவதா, கட்டணம் கட்டுவதா? லண்டன் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகள் உள்ளே ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெளியே நடையில் போட்ட வாங்குகளில் நாங்கள் காத்திருப்போம். செப்டம்பர் பிறந்துவிட்டால் அந்த வாங்குகளில் வேறு பேச்சு இருக்காது. எந்தப் பாடசாலை, எத்தனை மைல், வீட்டை விற்பதா, பிரைவேட்டுக்குக் கட்டுவதா. கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் பத்து வருடம் இருந்துவிட்டு, பாடசாலைக்காகவே தென் லண்டன் சட்டன் பக்கம் வந்தவள் நான். இரண்டு பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். அதனால் “அக்கா, நீங்கள் என்ன செய்தனீங்கள்?” என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். விண்ணப்பம் பற்றிய கேள்விகளுக்குக் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) இணையத்தளத்தில் பதில் கிடைக்கும். செய்வது சரியா பிழையா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதுகிறேன். எல்லாம் இங்கிலாந்தின் முறைக்கு உரியவை. இங்கே அரசுப் பாடசாலைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் வீடு எவ்வளவு கிட்ட என்று பார்த்துத்தான் பெரும்பாலும் இடம் கொடுப்பார்கள்.

நாங்கள் கட்டணம் எதுவும் கட்டவில்லை, வீடுதான் மாறினோம். இதில் நியாயம் அநியாயம் எங்கே வருகிறது?

வீட்டு விலைக்குள்ளேயே கட்டணம் இருக்கிறது. இங்கிலாந்தின் கல்வித் திணைக்களம் 2017இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பெறுபேற்றில் முதல் பத்து வீதத்துக்குள் நிற்கும் ஆரம்பப் பாடசாலைக்கு அருகிலுள்ள வீடுகள் சராசரியாக 8 வீதம் விலை கூட. தெரிவுப் பரீட்சை இல்லாத நல்ல இடைநிலைப் பாடசாலைக்கு அருகில் 6.8 வீதம் கூட. நாடு முழுவதற்குமான சராசரி இது.

நான் பெற்றோருக்குத் தாளில் எழுதிக் காட்டும் கணக்கு ஒன்று. 550,000 பவுணுக்கு ஒரு வீடு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அதில் பாடசாலைக்காகக் கூடக் கொடுத்தது ஏறக்குறைய 35,000 பவுண். முத்திரை வரி, 2025 ஏப்ரலுக்குப் பிந்தைய வீதப்படி, 17,500 பவுண். மேலதிகமாக எடுத்த 35,000 கடனுக்கு ஐந்து வீத வட்டி என்றால் ஏழு வருடத்தில் 12,250. இந்த வரியும் வட்டியும் திரும்பி வராது; சேர்த்தால் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த 35,000 மட்டும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாடசாலை பெயரோடு இருக்கும்வரை, வீட்டை விற்கும்போது அது உங்கள் கைக்கே வரும்.

இப்போது பிரைவேட். 2024இல் நாட்பாடசாலைகளின் சராசரிக் கட்டணம் வருடத்துக்கு ஏறத்தாழ 18,000 பவுண். 2025 ஜனவரி 1 முதல் அதன்மேல் 20 வீத வற் வரி. பாடசாலை அந்த வரியை முழுதாகப் பெற்றோர் தலையில் போட்டால் 21,600. ஏழாம் வகுப்பிலிருந்து பதின்மூன்றாம் வகுப்புவரை ஏழு வருடத்துக்கு 151,200 பவுண், அதுவும் ஒரு பிள்ளைக்கு. வீடோ இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்.

ஆக, வீடு மாறியவரும் கட்டணம் கட்டுகிறார். மலிவாகக் கட்டுகிறார், பெரும்பகுதியைத் திரும்பப் பெறுகிறார். ஆனால் அந்த மலிவுக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முதலில் மோட்கேஜ் கிடைக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் அதே தெருவுக்கு வந்தால் கூடின வாடகை கொடுப்பார். ஒரு சதமும் திரும்பி வராது. கவுன்சில் குறைந்த வாடகைக்குக் கொடுத்த வீட்டில் இருப்பவரால் அந்தத் தெருவுக்கு வரவே முடியாது. “நாங்கள் அரசுப் பாடசாலையில்தானே படிப்பிக்கிறோம்” என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். அந்தப் பெருமை எனக்கும் இருந்தது. கணக்குப் போட்ட அன்றோடு விட்டேன்.

அப்படியென்றால் கட்டணம் கட்டுவதுதான் நேர்மையானதா?

ஒரு விதத்தில் வெளிப்படையானது. யாருடைய இடத்தையும் அவர் நேரடியாகப் பறிக்கவில்லை. வரியும் கட்டிக்கொண்டு, அரசுப் பாடசாலையில் தன் பிள்ளைக்கு உரிய இடத்தை இன்னொரு பிள்ளைக்கு விட்டுவிட்டுப் போகிறார். அந்த அளவில், தூரக் கணக்கில் முன்னுக்குப் போய் நிற்கும் என்னைவிட அவர் கை சுத்தம்.

மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்துப் பிள்ளைகளில் பிரைவேட்டில் படிப்பவர்கள் 6, 7 வீதம்தான். அந்தச் சிறு தொகையினரின் பெற்றோர்தான் எந்தக் கவுன்சில் கூட்டத்திலும் குரல் எடுபடக்கூடியவர்கள். அரசுப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்றால் அவர்களுக்கு அது தெரியவே வராது. வீடு மாறியவரின் பிள்ளை அந்த வகுப்பில்தான் இருக்கிறது, ஆகவே அவர் எழுந்து கேட்பார். ஆனால் கேட்பது ஏற்கனவே நன்றாக நடக்கும் பாடசாலையில்.

தொழிற்கட்சி அரசியலில் இந்தச் சங்கடம் பகிரங்கமாகவே நடந்தது. 1996இல் கட்சியின் எம்.பி. ஹரியட் ஹார்மன் தன் மகனை ஓர்பிங்டனில் உள்ள செயின்ட் ஒலேவ்ஸ் கிராமர் ஸ்கூலுக்கு (பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் அரசுப் பாடசாலை) அனுப்புவது தெரியவந்தபோது சொந்தக் கட்சிக்காரரே கொதித்தார்கள். விமர்சித்தவர்களில் இன்னொரு எம்.பி.யான டயான் அபட்டும் ஒருவர். 2003இல் அபட் தன் மகனைக் கட்டணம் கட்டி சிட்டி ஒஃப் லண்டன் ஸ்கூலில் சேர்த்தார். அந்த முடிவை நியாயப்படுத்த முடியாது என்று அவரே ஒத்துக்கொண்டார். பலர் அவரைத் திட்டினார்கள். நான் அவரை மதிக்கிறேன். செய்ததற்கு ஒரு கொள்கை விளக்கம் கண்டுபிடித்து ஒட்டாமல், உள்ளதை உள்ளபடி சொன்னார்.

என் பிள்ளைக்கு நல்லது தேடுவதில் என்ன பிழை இருக்க முடியும்?

தேடுவதில் பிழையே இல்லை. நாங்கள் வந்த வழியை நினைத்தால் இந்தத் தவிப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கும். காணி போனது, வீடு போனது, படிப்பை மட்டும் யாராலும் பறிக்க முடியாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள்.

ஆனால் இடம் மாறி இடம் பிடிப்பது எங்களுக்குப் புதிது இல்லை. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் கொண்டுவந்தார்கள், அதாவது ஆளுக்கு ஆள் வேறு வெட்டுப்புள்ளி. முதலில் மொழிவாரியாக, பின்னர் மாவட்டவாரியாக. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது செய்த அநியாயம் எல்லாருக்கும் தெரிந்தது. மாவட்ட முறை வந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, பின்தங்கிய மாவட்டம் என்று வகுக்கப்பட்ட மன்னாருக்கு அதைவிடக் குறைந்த வெட்டுப்புள்ளி. உடனே வசதியுள்ள சிலர் பிள்ளையை அங்கே உறவினர் வீட்டில் விட்டு, அந்த மாவட்டத்திலிருந்து உயர்தரம் எழுத வைத்தார்கள். அந்தப் பிள்ளை மருத்துவபீடம் போனது. மன்னாரில் பிறந்து, விஞ்ஞானத்துக்கு வாத்தியார் இல்லாத பாடசாலையில் தட்டுத்தடுமாறிப் படித்த பிள்ளைக்கு ஒதுக்கிய இடம் ஒன்று அதோடு குறைந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு அநியாயம் நடந்தது உண்மை. மன்னார்ப் பிள்ளைக்கு அநியாயம் நடந்ததும் உண்மை.

லண்டனில் தூரக் கணக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது. பாடசாலையில் 180 இடம் என்றால் 180 இடம்தான். பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், சகோதரர் படிக்கும் பிள்ளைகள் என்று முன்னுரிமை போக, மிச்சத்தைக் கிட்ட இருப்பவரிலிருந்து எண்ணிக்கொண்டு வருவார்கள். நீங்கள் உள்ளே வந்தால் கோடு சில அடி உள்ளே நகரும். வெளியே விழுகிற பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரியாது. அந்தத் தெருவில் இருபது வருடம் இருந்துவிட்டு, வாடகை கூடியதால் அரை மைல் தள்ளிப் போன ஒரு குடும்பத்தின் பிள்ளையாக இருக்கலாம்.

இதைச் சொன்னால் “அப்ப போக வேண்டாம் என்கிறியளோ?” என்று கோபிக்கிறார்கள். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானே போனவள். விதியைப் போட்டது அரசு, அதற்குள் நின்று பிள்ளைக்காக முடிவெடுப்பது பெற்றோரின் கடமை. ஆனால் அந்த இடம் எங்கள் உழைப்பின் பரிசு, பக்கத்து வீட்டுக்காரர் அக்கறை இல்லாதவர் என்று பேசுவதை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

சித்தி வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா? ஆறு மாதம் ஒரு பிளாட்டை வாடகைக்கு எடுத்துவிட்டுத் திரும்பலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

வீடு மாறுகிறவர் விதிக்குள் நிற்கிறார், விலையும் கொடுக்கிறார். பொய் முகவரி கொடுப்பவர் வரிசையில் நிற்கும் எல்லாரையும் ஏமாற்றுகிறார். அதில் வசதியற்றவரும் அடக்கம். கொழும்பில் முதலாம் ஆண்டு அனுமதிக்காக வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய உறவினர் வீடு தேடி அலைந்தவர்களைப் பார்த்த எங்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். இங்கே அனுமதிச் சட்டக்கோவையின்படி, பொய்த் தகவலால் பெற்ற இடத்தைத் திரும்பப் பெறலாம். பல கவுன்சில்கள் கவுன்சில் வரிப் பதிவைப் பார்க்கின்றன. பழைய வீட்டை விற்காமல் வைத்துக்கொண்டு வாடகை வீட்டு முகவரி கொடுத்தால் ஏற்காத கவுன்சில்கள் பல உண்டு.

கவுன்சில்களும் எல்லை மீறியிருக்கின்றன. 2008இல் பூல் நகரக் கவுன்சில் ஒரு குடும்பம் உண்மையில் அந்த எல்லைக்குள்தான் வசிக்கிறதா என்று அறிய மூன்று வாரமளவு இரகசியமாகப் பின்தொடர்ந்து வேவு பார்த்தது. அந்தக் குடும்பம் பொய் சொல்லவில்லை. வேவு பார்த்தது சட்டவிரோதம் என்று 2010இல் தீர்ப்பு வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது அந்தச் சின்னப் பிள்ளைகளைத்தான் நினைத்தேன். பொய் சொல்லாத வீட்டுக்கே அந்த நிலை என்றால், சொன்ன வீட்டுப் பிள்ளை ஏழு வருடம் வகுப்புத் தோழரை வீட்டுக்குக் கூப்பிட முடியாமல் வளரும்.

கிராமர் ஸ்கூல் வேறு விசயம்தானே? அது பிள்ளையின் திறமை அல்லவா?

பாதி உண்மை. இங்கிலாந்து முழுவதும் 163 கிராமர் ஸ்கூல்கள்தான் இருக்கின்றன. 1998இன் சட்டத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்க முடியாது. சட்டனில் ஐந்து, கிங்ஸ்டனில் இரண்டு. எங்கள் சனம் அந்தப் பக்கம் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பார்னெட்டில் உள்ள குயின் எலிசபெத்ஸ் போன்ற சிலவற்றுக்குத் தூர எல்லையே இல்லை. மற்றப் பலவற்றில் பரீட்சையில் தேறினாலும் வீடு எங்கே என்று பார்ப்பார்கள்.

பரீட்சை ஆறாம் வகுப்பின் செப்டம்பரில். அதற்கு நாலாம் வகுப்பிலிருந்தே ரியூசன். கிழமைக்கு இரண்டு நாள், விடுமுறைக்குத் தனி வகுப்பு, மாதிரிப் பரீட்சைக்குத் தனிக் காசு. அதுவும் ஒரு கட்டணமே. கிராமர் ஸ்கூல்களில், வருமானம் குறைந்த வீட்டுக்கான இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளின் பங்கு மற்றப் பாடசாலைகளைவிட மிகக் குறைவாக இருப்பது தற்செயல் இல்லை. ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேர்மிங்காமில் கிங் எட்வர்ட் கிராமர் ஸ்கூல்கள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கின்றன. அனுமதிச் சட்டக்கோவை அதற்கு இடம் விடுகிறது. உங்கள் பக்கத்துப் பாடசாலை அனுமதி விதிகளை மாற்றும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டால் எழுதுங்கள். பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

இடத்துக்காக ஞானஸ்நானம் எடுக்கலாமா?

சில கிறிஸ்தவப் பாடசாலைகள் தங்கள் மதத்தவருக்கு முன்னுரிமை கொடுப்பதால் இந்தக் கேள்வி வருகிறது. நம்பிக்கை இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். சைவக் குடும்பம் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் பதில் தேவாலயத்தில் கையொப்பம் வைப்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும். ஹரோவில் 2008 முதல் அரசு நிதியில் இயங்கும் இந்துப் பாடசாலை இருக்கிறது, கிருஷ்ணா அவந்தி என்று பெயர். அங்கேயும் இதே கேள்விதான்.

பக்கத்துச் சாதாரணப் பாடசாலையில் விட்டால் என் கொள்கைக்காகப் பிள்ளையைப் பலி கொடுத்ததாக ஆகாதா?

இந்தக் கேள்வி வரும்போது பெற்றோரின் முகத்தில் உண்மையான பயம் தெரியும். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், அந்தப் பாடசாலை மோசம் என்று யார் சொன்னது? வாங்கில் இருக்கும் நாங்கள்தான். நாங்கள் பார்ப்பது மொத்தப் பெறுபேறு. வசதியான வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பாடசாலையில் அது இயல்பாகவே உயரும். 2016 முதல் புரோகிரஸ் 8 என்று ஒரு அளவு இருக்கிறது. பதினொரு வயதில் ஒரே நிலையில் இருந்த பிள்ளைகளை ஒப்பிட்டு, பாடசாலை அவர்களை எவ்வளவு முன்னேற்றியது என்று அது காட்டும். கோவிட்டால் 2020, 2021இல் ஆறாம் வகுப்பின் சாட்ஸ் பரீட்சைகள் நடக்காததால் 2025க்கும் 2026க்கும் அந்த அளவு இல்லை. 2023, 2024 எண்களைத் தேடிப் பாருங்கள். பெயர் பெற்ற சில பாடசாலைகளைவிடப் பேசப்படாத பாடசாலை நன்றாகச் செய்திருப்பதைக் காண்பீர்கள். பாடசாலைக்கும் பாடசாலைக்கும் உள்ள வித்தியாசத்தைவிட ஒரே பாடசாலைக்குள் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. வீட்டில் புத்தகம் எடுத்து வாசிக்கும் பிள்ளை அங்கேயும் வாசிக்கும்.

இரண்டாவது, பாடசாலை மாறும். கிழக்கு லண்டனில் ஹக்னி டவுன்ஸ் பாடசாலையை நாட்டிலேயே மோசமானது என்று பத்திரிகைகள் எழுதின, 1995இல் மூடினார்கள். அதே நிலத்தில் 2004இல் மொஸ்பர்ன் அக்கடமி திறந்தது. சில வருடங்களில் இடம் கிடைக்காமல் பெற்றோர் அலையும் பாடசாலையானது. பாடசாலைகளை உயர்த்த 2003இல் தொடங்கிய லண்டன் சலேஞ் திட்டக் காலத்தில் தலைநகரின் அரசுப் பாடசாலைகள் நாட்டின் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்தன. நான் ஈஸ்ட்ஹாமை விட்டு ஓடிவந்த வருடங்களும் அவையே. அங்கேயே இருந்திருந்தாலும் என் பிள்ளைகள் இதே பல்கலைக்கழகத்துக்குத்தான் போயிருப்பார்கள் என்று இப்போது நம்புகிறேன். அன்று எனக்கு அது தெரியாது. பயந்தேன், வந்தேன்.

ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்தப் பாடசாலையைப் போய்ப் பாருங்கள். திறந்த நாளுக்குப் போகாதீர்கள், சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கேளுங்கள். இடைவேளையில் பிள்ளைகள் எப்படி நடக்கிறார்கள், எத்தனை ஆசிரியர் நிரந்தரம், எத்தனை பேர் தற்காலிகம் என்று கேளுங்கள்.

பிள்ளைக்கு அங்கே அடி விழுகிறது. பாடசாலை கவனிக்கவில்லை.

மாற்றுங்கள். வீட்டையோ பாடசாலையையோ, எது கைக்கு எட்டுமோ அதை. கட்டணம் கட்ட முடிந்தால் கட்டுங்கள். இந்தப் பக்கத்தில் எழுதிய எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

வீட்டு விலையைப் பார்க்காமல் குலுக்கல் போட்டால் சரியாகிவிடுமா?

பிரைட்டனில் முயன்றார்கள். 2007இல் முடிவெடுத்து 2008 முதல், ஒரே எல்லைக்குள் இருப்பவர்களிடையே தூரம் பார்க்காமல் குலுக்கல். ஆனால் அதோடு எல்லைக்கோடுகளையும் புதிதாகப் போட்டதால் கோட்டுக்கு உள்ளே வீடு வாங்குவது முக்கியமாகிவிட்டது. கோட்டையும் நியாயமாகப் போட்டால்தான் குலுக்கலால் பயன். நான் அதை ஆதரிக்கிறேன். என் வீட்டு விலை குறையும் என்று தெரிந்தே ஆதரிக்கிறேன்.

நாங்கள் ஏற்கனவே மாறிவிட்டோம். இப்போது என்ன செய்யலாம்?

வீட்டை விற்றுவிட்டுத் திரும்பிப் போகச் சொல்ல மாட்டேன். செய்யக்கூடியவை சில இருக்கின்றன. பாடசாலையின் ஆளுநர் குழுவுக்குப் பெற்றோர் பிரதிநிதியாக நில்லுங்கள். அனுமதி விதி எழுதப்படும் மேசை பல பாடசாலைகளில் அதுதான். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் சமூக வீடுகள் கட்டத் திட்டம் வந்தால் எதிர்ப்பு மனுவில் கையொப்பம் வைக்காதீர்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு மனு வந்தது. கொண்டுவந்தவர் தமிழர், பாடசாலைக்காக வந்தவர், காரணமும் பாடசாலைதான் சொன்னார். நான் வைக்கவில்லை. அதன் பிறகு மூன்று வருடம் அவர் என்னோடு கதைக்கவில்லை.

இன்னொன்று: விட்டுவந்த இடத்தை முற்றாக விட்டுவிடாதீர்கள். கிராமர் பரீட்சைக்கு வாங்கிய கொப்பிகளும் மாதிரித் தாள்களும் வீட்டில் கிடந்தால், பழைய இடத்தில் ரியூசனுக்கு வழியில்லாத ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். அப்படியே கூட இருந்து இரண்டு மாதம் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

எந்தத் தேதிக்குள் முடிவெடுக்க வேண்டும்?

இடைநிலைக்கு ஒக்டோபர் 31, ஆரம்பப் பாடசாலைக்கு ஜனவரி 15. முடிவு மார்ச் 1இலும் ஏப்ரல் 16இலும் வரும். லண்டனில் ஆறு பாடசாலைகள்வரை போடலாம். நீங்கள் எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பது பாடசாலைக்குத் தெரியாது, ஆகவே உண்மையில் விரும்பும் வரிசையிலேயே போடுங்கள். பக்கத்துப் பாடசாலை ஒன்றையும் கட்டாயம் போடுங்கள். விட்டவர்கள் மார்ச்சில் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் வீடு மாறுகிறோம் என்று பிள்ளையிடம் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள், வயதுக்கு ஏற்றபடி. “அந்தப் பாடசாலை கூடாது, அங்கே கூடாத பிள்ளைகள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைகள் நேற்றுவரை அவர்களின் கூட்டாளிகள்.

என் மகள் பன்னிரண்டு வயதில் கேட்டாள், ஈஸ்ட்ஹாமில் ஒரே வகுப்பில் இருந்த சிநேகிதி ஏன் தன்னோடு இந்தப் பாடசாலைக்கு வரவில்லை என்று. அவள் தன்னைவிடக் கணிதத்தில் கெட்டிக்காரி என்றும் சொன்னாள். அவர்கள் இருப்பது கவுன்சில் வீடு, நினைத்தபடி மாற முடியாது, எங்களால் முடிந்தது, அதனால் வந்தோம் என்றேன். அது நியாயமா என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சனிக்கிழமைகளில் அவளை வீட்டுக்குக் கூப்பிடலாமா என்று கேட்டாள். பஸ்ஸும் ரெயினுமாக ஒன்றரை மணித்தியாலம். மூன்று வருடம் அந்தப் பிள்ளை வந்துபோனாள்.